ஸ்ட்ரூவைட் ரியாக்டர் மக்கர் பண்ணும்போது எங்கே கை வைப்பது

கழிவுநீரில் இருக்கும் பாஸ்பரஸை ஸ்ட்ரூவைட் என்ற உரக் குருணையாக மாற்றுகிற தொட்டிதான் இந்த ரியாக்டர். எங்கள் ஷிப்டில் புதிதாக யார் சேர்ந்தாலும் முதல் மாதத்துக்குள் ஒரு தப்பைச் செய்துவிடுவார்கள். வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் ஏறிவிட்டது என்று திரையில் சிவப்பு வந்ததும் நேராகப் போய்க் காஸ்டிக் சோடாவைக் கூட்டிவிடுவது. நானும் செய்திருக்கிறேன். பெரும்பாலும் அதனால் நிலைமை இன்னும் கெட்டுப்போகும். ஏன் என்று கீழே வரும்.

நான் வேலை பார்ப்பது ஜெர்மனியில் ஒரு நடுத்தரக் கழிவுநீர் ஆலை. நுண்ணுயிர்களை வைத்தே பாஸ்பரஸை நீக்குகிற ஆலை. அந்த நுண்ணுயிர்கள் பாஸ்பரஸோடு சேறாகத் தங்கும். அந்தச் சேறு டைஜஸ்டர் என்ற மூடிய தொட்டியில் புளித்து, சென்ட்ரிஃபியூஜ் என்ற சுழல் இயந்திரத்தில் பிழியப்படும். பிழிந்த தண்ணீரைச் சென்ட்ரேட் என்போம். பாஸ்பேட்டும் அம்மோனியமும் அதில் கொட்டிக் கிடக்கும். அதை ரியாக்டரின் அடியிலிருந்து மேல்நோக்கி ஏற்றி, மெக்னீசியம் குளோரைடு சேர்த்து, காஸ்டிக் விட்டுப் பிஎச்சை, அதாவது காரத்தன்மையின் அளவை, கொஞ்சம் உயர்த்தினால் மெக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் மூன்றும் சம அளவில் சேர்ந்து, ஆறு பங்கு நீரையும் இழுத்துக்கொண்டு, வெள்ளைக் குருணையாக அடியில் தங்கும். அதுதான் ஸ்ட்ரூவைட். பாஸ்பரஸ் 12.6 சதவீதம், தழைச்சத்து 5.7 சதவீதம். உர மூட்டையில் மணிச்சத்து என்று அச்சிடும் கணக்கில் சொன்னால் சுமார் 29 சதவீதம்.

சிறுநீரகக் கல்லில் ஒரு வகையும் இதே பொருள்தான். அதனால் எங்கள் வேலையைக் கல்லடைப்பு வைத்தியம் என்று வீட்டில் கிண்டல் செய்வார்கள். கிண்டல் சரிதான். இந்தத் தண்ணீரில் கல் எப்படியும் உண்டாகும், நம்மால் தடுக்க முடியாது. அது ரியாக்டருக்குள் உண்டாகிறதா, வெளியே பைப்பில் உண்டாகிறதா, உள்ளேயே உண்டாகியும் கையில் நிற்காமல் ஓடிவிடுகிறதா, இதைக் கண்டுபிடித்தால் பாதிப் பழுது பார்த்தாகிவிட்டது.

கையில் மூன்று சாமான் இருக்கட்டும். கையடக்க பிஎச் மீட்டர், 0.45 மைக்ரான் வடிகட்டியோடு ஒரு பாஸ்பேட் கிட், பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். திரையில் தெரிகிற எண்ணை நம்பி எதையும் தொடாதீர்கள்.

வெளியேறும் நீரில் பாஸ்பரஸ் அதிகம்

முதலில் இரண்டு பாட்டில் சோதனை. ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் இரண்டு பாட்டில் தண்ணீர் பிடியுங்கள். ஒன்றை அந்த இடத்திலேயே வடிகட்டுங்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் வடித்துக்கொள்ளலாம் என்று விட்டால் வழியிலேயே பாட்டிலுக்குள் படிந்துவிடும், அப்புறம் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. இன்னொன்றை வடிகட்டாமல் சில சொட்டு அமிலம் விட்டு, மிதக்கும் துகள் எல்லாம் கரைந்ததும் அளந்து பாருங்கள்.

வடித்ததில் குறைவாகவும் வடிக்காததில் அதிகமாகவும் இருந்தால் வினை ஒழுங்காக நடந்திருக்கிறது, பாஸ்பரஸ் திடமாகியும் விட்டது, ஆனால் மாவு மாதிரி பொடியாக உண்டாகித் தண்ணீரோடு மேலே போய்விடுகிறது. கண்ணாலேயே பார்க்கலாம், நீர் பால் கலந்த மாதிரி இருக்கும். இரண்டிலும் அதிகம் என்றால் வினையே நடக்கவில்லை. இரண்டுக்கும் வைத்தியம் நேர் எதிர். முதலாவதற்குக் காஸ்டிக்கைக் குறைக்க வேண்டும், இரண்டாவதற்குச் சில சமயம் கூட்ட வேண்டும். சோதிக்காமல் கூட்டினால் என்ன ஆகும் என்று இப்போது தெரிந்திருக்கும்.

பால் நிறத்தை முதலில் பார்ப்போம். கற்கண்டு காய்ச்சுகிறவர்கள் பாகில் நூல் கட்டித் தொங்கவிட்டு, பொறுமையாக ஆறவிட்டால் பெரிய கல் விழும். நூலும் இல்லாமல் அவசரமாகக் கிளறிக்கொண்டே ஆற்றினால் பொடிச் சர்க்கரைதான் மிஞ்சும். இங்கேயும் அதே கதை. பிஎச் திடீரென்று ஏறினால் கரைசல் தாங்காமல் ஒரே நேரத்தில் கோடிக்கணக்கான புதுத் துகள்களைக் கொட்டிவிடும், ஏற்கெனவே இருக்கும் குருணையின் மேல் போய் ஒட்டி வளர அதற்கு நேரமே இருக்காது. எங்கள் ரியாக்டருக்கு 8-ஐ ஒட்டி இருந்தால் போதும், 8.5-ஐத் தாண்டினால் மாவுதான். உங்களுடையது கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

என் இரவு ஷிப்டில் நடந்ததைச் சொல்கிறேன். திரையில் பிஎச் 7.7 என்று நின்றது, அசையவே இல்லை. காஸ்டிக் பம்ப் முழு வேகத்தில் ஓடுகிறது, மேலே வழிந்து போகிற தண்ணீர் நீர்த்த மோர் மாதிரி இருக்கிறது. நான் என்ன செய்தேன்? பிஎச் ஏறவில்லையே என்று காஸ்டிக்கின் மேல் வரம்பை இன்னும் கொஞ்சம் தூக்கி வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துத்தான் கை மீட்டரைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கத் தோன்றியது. 8.9. சென்சாரைக் கழற்றினால் கண்ணாடி முனையே தெரியவில்லை, அதைச் சுற்றி வெள்ளையாக ஒரு கூடு கட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் நறநறவென்றது. நாம் கல் செய்யச் சொன்ன ரியாக்டர் அளவுகோலின் மேலேயே கல் செய்துவிட்டது, அந்தக் கூட்டுக்குள் பழைய தண்ணீர் மாட்டிக்கொண்டு அதையே சென்சார் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சில நிமிடம் வைத்ததும் கரைந்தது. பஃபர் கரைசலில் அளவு சரிபார்த்து மாட்டினேன். அதற்கப்புறமும் நீர் தெளிய இரண்டு நாள் ஆனது. இப்போதெல்லாம் ஷிப்ட் மாறும்போது முதல் வேலை கை மீட்டரை விட்டுப் பார்ப்பதுதான்.

சென்சார் சரியாக இருந்தும் பால் நிறம் என்றால் காஸ்டிக்கும் மெக்னீசியமும் எந்த இடத்தில் நுழைகின்றன என்று பாருங்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில், ஓட்டம் மந்தமான இடத்தில் விழுந்தால் அந்த ஒரு சாண் இடத்தில் மட்டும் பிஎச் எகிறிவிடும், சராசரி நன்றாகத்தான் தெரியும். வெளியேறும் நீரில் ஒரு பங்கைத் திரும்ப அடிக்குக் கொண்டுவந்து கலக்கும் சுற்றோட்டத்தைக் கூட்டினால் வரும் சரக்கு நீர்த்து வேகம் தணியும். ஆனால் மொத்த ஓட்டத்தையும் கண்டபடி ஏற்றிவிடாதீர்கள். ரியாக்டர் என்பது தலைகீழாகப் புடைக்கிற முறம். கனமானது கீழே நிற்கும், லேசானது பறக்கும், வேகம் கூடினால் நல்ல குருணையும் பறந்துவிடும். அடியில் குருணையே இல்லாமல் காலியாக இருந்தால் பழைய ஸ்ட்ரூவைட்டைச் சலித்து, ரவை அளவில் இருப்பதை எடுத்து விதையாகப் போடுங்கள். நூல் இல்லாமல் கற்கண்டு இல்லை.

அடுத்து, இரண்டு பாட்டிலிலும் அதிகம் என்ற கேஸ். பெரும்பாலும் மெக்னீசியம் போகவில்லை. அதை அளந்து விடுகிற டோசிங் பம்ப் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டே இருக்கும், உள்ளே காற்று மாட்டியிருக்கும், சொட்டு இறங்காது. சத்தத்தை நம்பாமல், அளவு ஜாடியில் ஒரு நிமிடத்துக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கணக்கு இப்படி. ஒரு நாளைக்கு 100 கனமீட்டர் சென்ட்ரேட், லிட்டருக்கு 150 மில்லிகிராம் பாஸ்பரஸ் என்றால் 15 கிலோ பாஸ்பரஸ் வருகிறது. ஒரு கிலோ பாஸ்பரஸுக்கு 0.78 கிலோ மெக்னீசியம், அதாவது 12 கிலோ. இருபது சதவீதம் கூடுதலாக வைத்தால் 14 கிலோ. ஆறு நீர் சேர்ந்த மெக்னீசியம் குளோரைடு உப்பில் மெக்னீசியம் 12 சதவீதம்தான், ஆகவே 118 கிலோ உப்பு வேண்டும். மூட்டையின் எடையையே மெக்னீசியம் என்று நினைத்துக் கணக்குப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மெக்னீசியம் ஆக்சைடு மலிவு என்று மாற்றியிருந்தால் அது மெதுவாகத்தான் கரையும் என்பதையும் மறக்காதீர்கள், கரையாத பாதி அப்படியே வெளியே போய்விடும்.

மெக்னீசியம் சரி, பிஎச்சும் கை மீட்டரில் 7.3, 7.4 என்று நிற்கிறது என்றால் அப்போதுதான் காஸ்டிக். அதற்கும் முன்னால் காற்று ஊதுகிற டிஃப்யூசர் அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். சென்ட்ரேட்டில் கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடைக் காற்று ஊதி வெளியேற்றினாலே பிஎச் தானாக ஏறும், காஸ்டிக் செலவு மிச்சம்.

ரியாக்டர் நன்றாக ஓடுகிறது, மூட்டை மட்டும் குறைகிறது

மேலே சொன்ன கணக்கில் 80 சதவீதம் பிடித்தால் நாளைக்கு 95 கிலோ ஸ்ட்ரூவைட் வர வேண்டும். வெளியேறும் நீரும் சுத்தமாக இருந்து, அறுவடை மட்டும் 40 கிலோ என்றால் ரியாக்டரைத் தொட வேண்டாம். உள்ளே வருகிற சரக்கே குறைந்திருக்கிறது. சென்ட்ரேட்டை வடித்து அளந்தால் தெரிந்துவிடும்.

எங்கள் ஆலையில் இரண்டு தடவை நடந்தது, இரண்டு தடவையும் ஒரே காரணம். டைஜஸ்டர் பக்கத்து ஆட்கள் பயோகேஸில் ஹைட்ரஜன் சல்ஃபைடு ஏறுகிறது என்று இரும்பு குளோரைடைக் கூட்டியிருந்தார்கள். அவர்கள் வேலையை அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள், எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான். இரும்பு முதலில் கந்தகத்தைப் பிடிக்கும், மிஞ்சுகிற இரும்பு பாஸ்பேட்டைப் பிடித்து விவியனைட் என்ற கனிமமாகிச் சேற்றோடேயே தங்கிவிடும். மிஞ்சிய இரும்பு ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ 0.37 கிலோ பாஸ்பரஸை விழுங்கும். வெப்பமாற்றியையோ சென்ட்ரிஃபியூஜையோ திறக்கும்போது உள்ளே படிந்திருப்பது காற்றுப் பட்டதும் நீலமாக மாறினால் அதுதான் இது.

இரும்பு இல்லை என்றால் நுண்ணுயிர்ப் பகுதியைக் கேளுங்கள். நீண்ட மழைக்குப் பின் வரும் கழிவுநீர் நீர்த்துப்போய், அந்த நுண்ணுயிர்களுக்குத் தீனியான கொழுப்பு அமிலங்கள் குறைந்து, அவை பாஸ்பரஸைச் சேர்த்துவைப்பதையே விட்டுவிடும். சேற்றில் இல்லாதது சென்ட்ரேட்டில் எப்படி வரும்?

ரியாக்டருக்கு முன்னாலேயே பைப் அடைக்கிறது

கோலி சோடாவை உடைத்தால் பொங்குகிறதே, அதுதான் சென்ட்ரேட் பைப்பில் நடக்கிறது. டைஜஸ்டருக்குள் அழுத்தத்தில் இருந்த கார்பன் டை ஆக்சைடு சென்ட்ரிஃபியூஜை விட்டு வெளியே வந்து தொட்டியில் தொபுக்கடீரென்று விழுகிற இடத்தில் பிரிந்து போகும், பிஎச் ஏறும், கல் விழும். பம்பின் இம்பெல்லர், முழங்கை வளைவு, பாதி திறந்த வால்வு, இங்கெல்லாம் முதலில் பிடிக்கும். லாஸ் ஏஞ்சலஸின் ஹைப்பீரியன் ஆலையில் 1960களில் 12 அங்குலக் குழாய் இப்படிப் படிந்து படிந்து 6 அங்குலமாகச் சுருங்கிப்போனது. பெர்லினின் வாஸ்மன்ஸ்டார்ஃப் ஆலையிலும் இந்தத் தொல்லை பொறுக்காமல்தான், அந்தக் கல்லைத் தொட்டியிலேயே வேண்டுமென்று விழவைக்கும் ஏர்பிரெக்ஸ் முறை பிறந்தது.

படிந்தது ஸ்ட்ரூவைட்டா, நம் ஊர் போர் தண்ணீரில் வருகிற சுண்ணாம்பா என்று பார்க்க ஒரு துண்டை உடைத்துக்கொள்ளுங்கள். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு. நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு. சத்தமில்லாமல் கரைந்தால் ஸ்ட்ரூவைட்டாக இருக்கலாம். உறுதி செய்ய, இன்னொரு துண்டைப் பொடித்து வெதுவெதுப்பான காஸ்டிக் கரைசலில் போட்டுக் கையால் விசிறி மோந்து பாருங்கள், அம்மோனியா நெடி மூக்கில் ஏறினால் ஸ்ட்ரூவைட்தான். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இதைச் செய்ய வேண்டாம்.

அடைத்த பைப்புக்கு சிட்ரிக் அமிலக் கரைசலைச் சுற்றவிடுவோம். ஆனால் உள்ளே சேறு தேங்கியிருக்கும்போது அமிலம் விடவே கூடாது, சேற்றில் இருக்கும் சல்ஃபைடு ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவாகக் கிளம்பும், அது ஆளைக் கொல்லும். முதலில் நல்ல தண்ணீரில் கழுவி, காற்றோட்டம் பார்த்து, கேஸ் மீட்டரை மாட்டிக்கொண்டு அப்புறம் அமிலம். அடைப்பு திரும்ப வராமல் இருக்க, நீர் உயரத்திலிருந்து விழாமல் பைப் நிரம்பியே ஓடும்படி மாற்றுங்கள், சொரசொரப்பான இரும்புக்குப் பதில் வழவழப்பான பிளாஸ்டிக் குழாய் போடுங்கள், தூரத்தைக் குறையுங்கள். எங்களுக்கு அதிகப் பலன் தந்தது இது எதுவும் இல்லை, விழுகிற இடத்தில் ஒரு குழாயை நீட்டித் தண்ணீருக்குள் முக்கிவிட்டது மட்டும்தான்.

குருணை பிசுபிசு, அல்லது தொட்டால் உதிர்கிறது

லென்ஸில் பாருங்கள். நல்ல ஸ்ட்ரூவைட்டை உடைத்தால் உள்ளே பளபளவென்று நீளவாட்டில் படிகங்கள் தெரியும். பழுப்பாக, கோந்து தடவிய மாதிரி இருந்தால் சென்ட்ரிஃபியூஜ் ஒழுங்காகப் பிழியவில்லை, சேற்றுத் துகளும், சேற்றைத் திரட்டச் சேர்க்கும் பாலிமரும் கலந்து வருகின்றன. ரியாக்டரில் இதற்கு மருந்து இல்லை, சென்ட்ரிஃபியூஜ் ஆளிடம் போங்கள். வெள்ளையாகவே இருந்து சாக்பீஸ் மாதிரி உதிர்ந்தால் கால்சியம். கடின நீர் உள்ள ஊர்களில் கால்சியம் மெக்னீசியத்தோடு போட்டி போட்டு, படிகமே ஆகாத கால்சியம் பாஸ்பேட்டாகப் படியும். மெக்னீசியத்தைக் கொஞ்சம் கூட்டி, பிஎச்சைக் கொஞ்சம் இறக்கினால் ஓரளவு சரியாகும்.

உலர்த்தியில் அம்மோனியா நாற்றம்

உடனே சூட்டை அணையுங்கள். ஸ்ட்ரூவைட் 50 டிகிரியைத் தாண்டினால் தன் நீரையும் அம்மோனியாவையும் விட ஆரம்பிக்கும். முழுக்க விட்டுவிட்டால் எடையில் பாதி போய்விடும், தழைச்சத்து பூஜ்யம். 40 டிகிரிக்குள் காற்றை ஊதி நிதானமாக உலர்த்துங்கள். அவசரத்துக்கு இது ஆகாது.

விவசாயி வந்து "பயிர் எழும்பவே இல்லை" என்கிறார்

இதுவும் பழுதுதான், ஆனால் பழுது நம் விளக்கத்தில். ஸ்ட்ரூவைட் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, வேர் விடுகிற அமிலத்தில் கரையும். மழை அடித்துப் போகாது, வேரைச் சுடாது, ஆனால் டிஏபி உரம் போட்ட மாதிரி ஒரே வாரத்தில் பச்சை காட்டாது. அமில மண்ணில் வேகமாக வேலை செய்யும்.

கோவில்பட்டிப் பக்கம் இருக்கும் அப்பா, "நம்ம கரிசலுக்கு ஆகுமாடா?" என்று போனில் கேட்டார். சுண்ணாம்பு மிகுந்த கார மண் அது, குருணையாகப் போட்டால் ரொம்ப நாள் அப்படியே கிடக்கும். "பொடித்து, விதைக்குப் பக்கத்தில் போடுங்கப்பா, ஆரம்ப வேகத்துக்குக் கொஞ்சம் டிஏபியும் சேர்த்துக்கணும்" என்றேன். சாம்பல்சத்து இதில் கிடையாது, தழைச்சத்தும் போதாது, யூரியாவும் பொட்டாஷும் தனியாகத்தான் வேண்டும். "அப்ப எதுக்குடா இவ்வளவு பாடு?" என்றார். வாங்குகிறவரிடம் இதையெல்லாம் முதலிலேயே சொல்லிவிட்டால் குறை சொல்லிக்கொண்டு திரும்பி வர மாட்டார்.

"மொத்த பாஸ்பரஸில் இவ்வளவுதானா?" என்று நிர்வாகம் கேட்கிறது

கரைந்து வருவதைத்தான் ரியாக்டர் பிடிக்கும், மீதி பிழிந்த சேற்றுக் கட்டியிலேயே போகிறது. இங்கே ஜெர்மனியில் 2017-இல் திருத்திய சேற்று விதிப்படி, ஒரு கிலோ உலர் சேற்றில் 20 கிராமோ அதற்கு மேலோ பாஸ்பரஸ் இருந்தால் மீட்டே ஆக வேண்டும். ஒரு லட்சம் பேருக்கு ஈடான கழிவைத் தாண்டிய ஆலைகளுக்கு 2029 முதல், ஐம்பதாயிரத்தைத் தாண்டியவற்றுக்கு 2032 முதல். சேற்றிலிருந்து பாதியை எடுக்க வேண்டும் அல்லது 20 கிராமுக்குக் கீழே இறக்க வேண்டும், எரித்த சாம்பல் என்றால் 80 சதவீதம் எடுக்க வேண்டும். ஸ்ட்ரூவைட்டை மட்டும் நம்பி எல்லா ஆலையும் இந்த வரம்பைத் தொடாது. அதனால்தான் ஹாம்பர்க்கில் சாம்பலை அமிலத்தில் கரைத்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் வழிக்குப் போனார்கள். 1669-இல் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிப் பாஸ்பரஸைக் கண்டுபிடித்ததும் அதே ஊர்தான், ஸ்ட்ரூவைட் என்ற கனிமத்தை 1845-இல் நிக்கோலாய் தேவாலயக் கட்டுமானக் குழியில் கண்டெடுத்ததும் அங்கேதான்.

நிறுத்திவிட்டுத் திரும்ப ஓட்டினால் குருணைப் படுகை மேலே எழவில்லை

வார இறுதிக்கு நிறுத்திவிட்டுப் போனால், அடியில் தங்கிய குருணைகள் சேர்ந்து கான்கிரீட் மாதிரி இறுகிவிடும். நிறுத்தும்போது மெக்னீசியத்தையும் காஸ்டிக்கையும் முதலில் அடைத்து, சுற்றோட்டத்தை மட்டும் ஒரு மணி நேரம் விட்டு, சுத்திகரித்த நீரால் உள்ளிருக்கும் சென்ட்ரேட்டைத் தள்ளிவிட்டு, அதன் பிறகு பம்பை நிறுத்துங்கள். ஏற்கெனவே இறுகிவிட்டது என்றால் அடி வால்விலிருந்து தண்ணீரைப் பீய்ச்சி விட்டு விட்டு அடித்துப் பாருங்கள், பாதி நேரம் அதிலேயே உடையும். அமிலம் கடைசி வழி, ஏனென்றால் மூட்டையில் போக வேண்டிய சரக்கைக் கரைத்து, கழிவுநீர் நுழைகிற ஆலையின் தலைப்புக்கே திருப்பி அனுப்புகிறோம். அனுப்பியே ஆக வேண்டும் என்றால் ஒரு ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக அனுப்புங்கள், ஒரே மூச்சில் திறந்துவிட்டால் காலையில் நுண்ணுயிர்ப் பகுதி ஆட்கள் உங்களைத் தேடி வருவார்கள்.